சாமியைத் திட்டிய படமும் சாமி கும்பிட்ட சனமும்

வடசிலாங்கூர்த் தோட்டங்களின் கதை – 19

போன இதழை முள்வேலியில் நிறுத்தியிருந்தோம். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. லயங்களைச் சுற்றிக் கம்பி ஏறியது. கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார்கள், அரிசிக்குக் கணக்கு வைத்தார்கள், இருட்டிவிட்டால் வெளியே தலைகாட்டக் கூடாது என்றார்கள். அந்த வேலிக்குள் யாரும் மறிக்காமல் வந்துபோன வண்டிகளில் ஒன்று தகவல் இலாகாவின் படவேன். 1946-இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட், தான் எடுத்த துண்டுப் படங்களைத் தமிழிலும் பேசவைத்து ஊர் ஊராகக் காட்டியது. காட்டில் இருப்பவனுக்குச் சோறு கொடுக்காதே, சரணடைந்தால் உயிர் மிஞ்சும், சாக்கடையைச் சுத்தமாக வை. கதை இவ்வளவுதான். ஓசிப் படம் என்பதால் சனம் பொறுமையாகவே பார்த்தது.

சனம் காத்துக் கிடந்தது வேறு வண்டிக்காக. படச்சுருளை வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டரையும் புரொஜெக்டரையும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றும் படக்காரனின் வேன் அது. கோலசிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, அங்கிருந்து உள்ளே உலு சிலாங்கூர்ப் பக்கம் என்று அதன் சுற்று போகும். சம்பளம் போட்ட வாரமோ, மாரியம்மன் திருவிழாவோ வந்தால் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பொழுது சாயும் முன்பே பாயை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள் பிள்ளைகள். துணிக்கு முன்னால் இடம் கிடைக்காதவர்கள் பின்னால் போய் உட்கார்வார்கள். அங்கிருந்து பார்த்தால் படத்தில் எல்லோரும் இடதுகைக்காரர்கள். எழுத்தெல்லாம் வலமிடமாக ஓடும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. ஒரே புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கு எரியும், கச்சாம்பூத்தே விற்பவர் தலைக்கூடையோடு நடுவில் புகுந்து வருவார். எட்டையபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி ஈப்போவில் குடியேறியவர்கள் இந்நாட்டுக்குக் கொடுத்த தின்பண்டம் அது. ரீல் மாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அதுவரை பார்த்ததைப் பற்றி லயமே வழக்காடும்.

வழக்காடுவதற்கு ஏற்ற படங்கள் சரியாக அந்த ஆண்டுகளில்தான் வந்தன. 1949-இல் சி.என். அண்ணாதுரை எழுதிய ‘வேலைக்காரி’. அநியாயம் செய்பவனை வாழவைக்கிறாயே என்று காளியின் முன்னால் நின்று கதாநாயகன் ஏசுகிறான். ஆசிரமம் நடத்தும் போலிச் சாமியாரின் வேடம் கலைகிறது. அதே ஆண்டு ‘நல்லதம்பி’யில் என்.எஸ். கிருஷ்ணன், நந்தனார் காலட்சேபத்தின் அச்சிலேயே ‘கிந்தனார்’ என்று ஒரு காலட்சேபம் நடத்தினார். பக்தியின் மெட்டு அப்படியே இருக்க, பொருள் மட்டும் படிப்பு, ரயில், சாதி என்று மாறியிருந்தது. கலைவாணர் யாரையும் புண்படுத்தாமல் ஊசி ஏற்றுபவர், அதனால் அவரை வைதிகர்களும் சிரித்தபடி பொறுத்துக்கொண்டார்கள்.

1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’ அப்படிப் பொறுத்துக்கொள்ளும் சங்கதியாக இல்லை. மு. கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், சிவாஜி கணேசன் என்ற புதுமுகம். கோயிலுக்குள்ளேயே ஓர் ஆதரவற்ற பெண்மீது கைவைக்கப் பார்க்கும் பூசாரி. படத்தைத் தடைசெய்யச் சொல்லித் தமிழகத்தில் கூப்பாடு எழுந்தது. நம் தோட்டக்காரர்களுக்கு அந்தப் படத்தில் வேறொரு பிடிப்பும் உண்டு. கதையில் வரும் மூன்று அண்ணன்மாரும் ரங்கூனில் பிழைப்பவர்கள். போர் வந்து குடும்பம் சிதறுகிறது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்துப் போனதைக் கண்ணால் பார்த்த லயங்களில், கடல் கடந்து பிழைக்கப் போனவன் ஊர் திரும்பி நாதியற்று நிற்கும் கதை எப்படி இறங்கியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நீதிமன்றக் காட்சி வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பையன்கள் அநேகமாக ஒவ்வொரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலும் இருந்தார்கள். பாடம் ஒப்பிக்கச் சொன்னால் வராது, அது வரும்.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது 1954 அக்டோபரில் வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’. இன்று டார்க் காமெடி என்று ஒரு வகைக்குப் பெயர் சொல்கிறார்களே, தமிழில் அதற்கு முதல் மரியாதை கொடுப்பதானால் நான் இந்தப் படத்துக்குத்தான் கொடுப்பேன். திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா மேடையில் ஆண்டுக்கணக்கில் நடித்துப் பழுத்த நாடகம் அது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பணக்காரன் மோகனசுந்தரம் தாயை மதிக்க மாட்டான், கட்டியவளை மதிக்க மாட்டான், தாசி காந்தாவின் வீடே கதியென்று கிடப்பான். தொழுநோய் வருகிறது. சொத்து போகிறது, கண் போகிறது, காந்தா துரத்திவிடுகிறாள். தெருவுக்கு வந்த பிறகுதான் அவன் வாய் முழுசாகத் திறக்கிறது. பக்தன், பண்டிதன், பணக்காரன், அரசியல்வாதி என்று எதிரே வரும் எவனையும் விடுவதில்லை. ஒரு வாக்கியத்தைக் கீச்சுக்குரலில் தொடங்கிக் கரகரப்பில் முடிக்கும் அந்த வித்தையைப் பின்னால் எத்தனையோ பேர் பார்த்துப் போட்டுப் பார்த்தார்கள், ஒருவருக்கும் அமையவில்லை.

ஊரையே கேலி பேசும் அந்த வாய்க்குச் சொந்தக்காரன் ஊரிலேயே பெரிய அயோக்கியன் என்பதுதான் படத்தின் கூர்மை. ‘பராசக்தி’யின் நாயகன் குணசேகரன் நல்லவன், அவன் பேசினால் நாம் கைதட்டலாம். மோகனசுந்தரம் பேசினால் சிரிப்பு வருகிறது, சிரித்த கையோடு இவனோடு சேர்ந்தா சிரித்தோம் என்று கூசுகிறது. நல்லவன் வாயால் சொல்லும் கண்டனத்தை எந்த வைதிகரும் பதில் சொல்லி மடக்கிவிடலாம். அழுகிப்போன ஒருவன் அழுகலைப் பற்றிப் பேசும்போது என்ன பதில் சொல்வது?

சிலாங்கூரில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தொழுநோய் ஒரு கதைச் சாக்கு அல்ல. 1930-இல் திறந்த சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு, கோலசிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே பெரியவற்றில் ஒன்று. நோய் தெரிந்தால் கட்டாயமாகக் கொண்டுபோய் வைக்கும் சட்டம் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் ஒரு வெளிறிய தழும்பை ஊசியால் குத்திப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டு, வலிக்கவில்லை என்று பதில் வந்தால் முடிந்தது. லயத்து வீட்டில் ஓர் ஆள் குறையும். பிள்ளை பெற்றவர்களையும் பிரித்துத்தான் வைத்தார்கள். சல்போன் மருந்து வந்து நோய் குணமாகத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். ஆக, திடலில் ராதா புண்ணோடு தடுமாறி வந்து சாமியாரைக் கேலி செய்தபோது, சிரித்தவர்களில் சிலருக்கு சுங்கை பூலோவில் ஆள் இருந்தது. போன பிறவிப் பாவம் என்று அந்த நோய்க்கு விளக்கம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காதுகள் அவை.

படத்துக்கு முன்பே இந்த வாய் அரசாங்கத்துக்குத் தலைவலியாகிவிட்டது. ராதா இராமாயணத்தை அவர் பாணியில் நாடகமாகப் போட்டார். எதிர்ப்பு, கைது, கலாட்டா. வெள்ளைக்காரன் 1876-இல் போட்ட நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் போதாது என்று 1954-இல் சென்னை அரசு தனியாக ஒரு நாடகச் சட்டமே கொண்டுவந்தது. ஒரு நடிகருக்காகவே சட்டம் வந்தது என்று அந்தக் காலத்திலேயே பேச்சு. ராதா கவலைப்படவில்லை, நாடகத்தின் பெயரை மாற்றுவார், ஊரை மாற்றுவார், மறுபடி போடுவார். பின்னாளில் மலேசியா வந்து அவர் பேசிய பேச்சு ஒலிநாடாவாக இன்றும் சுற்றுகிறது. சினிமாக்காரர்களைப் பற்றி அவர் அதில் சொல்வதைக் கேட்டால் சாமியார்கள் பிழைத்தார்கள் என்றே தோன்றும்.

இதற்கெல்லாம் இங்கே நிலம் முன்பே உழுது கிடந்தது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் இறங்கி, ஈப்போ தமிழர் மாநாட்டில் பேசி, சிங்கப்பூர் வரை போனார். அவரை வரவிடக் கூடாது என்று ஒரு கூட்டம் மல்லுக்கு நின்றதும் நடந்தது. அந்தச் சூட்டில் எழுந்த தமிழர் சீர்திருத்தச் சங்கத்திலிருந்து 1935-இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ பிறந்தது. தோட்டத்தில் ஒருவர் பத்திரிகை வாங்கினால் பெரட்டு முடிந்து மரத்தடியில் இருபது பேருக்குப் படிப்பார். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஆர்.எச். நாதன் என்ற பத்திரிகைக்காரர் தோட்டக்காரர்களுக்குத் தலைவரானதை இத்தொடரில் பார்த்தோம். எழுத்துக்கு அவ்வளவு மரியாதை இருந்த காலம். 1954 கடைசியில் பெரியார் பர்மா வழியாக மறுபடி வந்தபோது, சீர்திருத்தத் திருமணமும் திராவிடர் கழகக் கிளையும் தோட்டங்களில் புதுசு இல்லை. அலகு குத்தாதே, தீ மிதிக்காதே, கடா வெட்டாதே என்று ஒரு பக்கம் கூட்டம் நடக்கும். மறுபக்கம் அதே வாரம் காப்புக் கட்டி அக்கினிக் குழி தோண்டிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் கைதட்டிய ஆளே குழி தோண்டவும் போவார்.

இதை முரண்பாடு என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் அந்தப் படங்கள் குறிவைத்த ஆள் யார்? அக்ரகாரத்து அர்ச்சகர், மடாதிபதி, ஆசிரமச் சாமியார். வடசிலாங்கூர்த் தோட்டத்தில் அந்த ஆட்களில் எவரும் இல்லை. தோட்டத்து மாரியம்மனுக்குப் பூசை செய்தவர் ஒரு பண்டாரம். பல இடங்களில் காலையில் பால் வெட்டிவிட்டுக் குளித்து வந்து மணி அடிக்கும் தொழிலாளி. முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் பூசாரியே தேவைப்படவில்லை, சுருட்டும் சாராயமும் இருந்தால் போதும். ஆனால் கோயில் யார் கையில் இருந்தது? கங்காணி கையில், பெரிய கிராணியார் கையில். கோயில் வரியைச் சம்பளத்திலேயே பிடித்தார்கள். முதல் மரியாதை யாருக்கு, சாமி எந்த லயத்து வழியாகப் போகும், எந்த லயத்துக்குப் போகாது என்பதை அவர்கள்தான் முடிவு செய்தார்கள். சில தோட்டங்களில் சாதி பார்த்து லயம் பிரித்திருந்த காலம் அது. ஆகவே திரையில் பூசாரி அடிவாங்கியபோது துணியின் இரண்டு பக்கமும் எழுந்த சிரிப்பு, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆட்களின் முதுகில்தான் விழுந்தது. நாற்காலிக்காரர்களும் சேர்ந்தே சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் தன்னைத்தான் சொல்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கூத்துப் பார்த்த சனத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பழக்கம். கட்டியங்காரன் ராசாவை வாழ்த்திக்கொண்டே வாருவான். அரிச்சந்திரன் மயானத்தில் அழும்போது பபூன் உள்ளே வந்து செத்த வீட்டுச் சில்லறையைப் பற்றிப் பேசுவான். அதற்காக எவனும் அரிச்சந்திரனை நம்பாமல் போனதில்லை. சாமியைக் கேலி செய்கிறவன் நம் வீட்டுப் பிள்ளை, கேட்கிற சாமியும் நம் வீட்டுச் சாமி. நடுவில் போலீசுக்கு வேலை இல்லை.

அந்தச் சிரிப்பு எப்போது அடங்கியது என்று தேடினால் நான் 1970-களின் கடைசியில் போய் நிற்கிறேன். 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பின் நாட்டின் மூச்சே மாறிப்போயிருந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்றதும் ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், ஆள் குறைந்தது. (நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமரத்தில் போட்டதுதான், போட்ட பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோகொனியே பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசே வாங்கினார்.) அதே எழுபதுகளில் உலகமெங்கும் மத எழுச்சி. பல்கலைக்கழகங்களில் தக்வா எனும் இஸ்லாமிய அழைப்பு இயக்கம் பரவியது. அதில் பெரும்பாலோர் தொழுகை, ஒழுக்கம், படிப்பு என்று தங்கள் வழியில் போனவர்கள். அதன் ஓரத்தில் மிகச் சிறு கும்பல் ஒன்று வேறு வழியில் இறங்கியது. 1977 கடைசியிலிருந்து இந்துக் கோயில்களுக்குள் இரவில் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். சில மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட கோயில்கள்.

கோயில்காரர்கள் முறைவைத்துக் காவல் இருக்கத் தொடங்கினார்கள். 1978 ஆகஸ்டு 19. கோலகுபு பாருவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையில் பழைய பெருஞ்சாலையோரத்து ஊரான கெர்லிங்கில், சுப்பிரமணியர் கோயிலுக்குள் புகுந்தவர்களைக் காவலிருந்தவர்கள் எதிர்கொண்டார்கள். விடியும்போது வந்தவர்களில் நான்கு பேர் பிணம். காவலிருந்தவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். கெர்லிங் என்றால் இந்நாட்டுத் தமிழரில் ஒரு தலைமுறைக்கு ஊர்ப்பெயர் அல்ல, அந்த இரவு.

அதை வீரக்கதையாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அந்த வழக்கத்தில் சேர விருப்பமில்லை. செத்தவர்கள் இளைஞர்கள், கல்லை உடைத்தால் சொர்க்கம் என்று யாரோ அவர்கள் தலையில் ஏற்றியிருந்தார்கள். கூண்டில் ஏறியவர்களும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த சாதாரண ஆட்கள்தான். இந்தத் தொடருக்கு வேண்டியது வேறொரு விளைவு. அதுவரை கோயில் என்பது உள்ளுக்குள் வழக்காடிக்கொள்ளும் இடம். அதற்குப்பின் அது காவல் காக்க வேண்டிய இடமாகிவிட்டது. வெளியே எவனோ சிலையை உடைக்கக் கடப்பாரையோடு நிற்கும்போது, உள்ளே ஒருவன் எழுந்து பூசாரியைக் கேலி செய்தால் அவன் யார் பக்கம்? திராவிடர் கழகக்காரர்கள் தெருவில் பேசிய பேச்சு மண்டபத்துக்குள் ஒடுங்கியது. கோயில் கணக்கைக் கேட்டவனுக்குக்கூடச் சமுதாயத் துரோகி என்ற பட்டம் எளிதாகக் கிடைத்தது. கங்காணியின் நாற்காலியில் அரசியல் கட்சிக் கிளைத் தலைவர் வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்துச் சிரிக்க ஒரு ராதா வரவில்லை.

வெளிநாட்டில் இதே சரக்கை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. கெர்லிங்குக்கு மறு ஆண்டு, 1979-இல், இங்கிலாந்தின் மான்டி பைத்தான் குழு ‘லைஃப் ஆஃப் பிரையன்’ எடுத்தது. யேசுவின் பக்கத்து வீட்டில் பிறந்த ஒரு அப்பாவியைச் சனம் மேசியாவாக்கி, நான் மேசியா இல்லை என்று அவனே கதறினாலும் விடாமல் துரத்தும் கதை. நார்வேயில் தடை, அயர்லாந்தில் தடை. நார்வேயே தடைசெய்யும் அளவுக்குச் சிரிப்புப் படம் என்று சுவீடனில் விளம்பரம் போட்டு ஓட்டினார்கள். 2010-இல் கிறிஸ் மோரிஸ் இன்னும் ஆபத்தான இடத்தில் கைவைத்தார். அவருடைய ‘ஃபோர் லயன்ஸ்’ ஷெஃபீல்டு நகரத்து நான்கைந்து இளைஞர்கள் தற்கொலைப் படையாகக் கிளம்பும் கதை. ஒருவன் காக்கையின் மேல் குண்டைக் கட்டிப் பழக்குகிறான். வெடிமருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது தடுக்கி விழுந்து, ஓர் ஆட்டோடு சேர்ந்து சாகிறான். மிச்சமிருப்பவர்கள் விநோத வேடம் கட்டிக்கொண்டு லண்டன் மாரத்தானுக்குப் போகிறார்கள். மோரிஸ் போலீஸ்காரர்கள், இமாம்கள் என்று ஆண்டுக்கணக்கில் பலரிடம் பேசிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தார். மார்க்கத்தைத் தொடவில்லை, மார்க்கம் தெரியாமல் அதன் பெயரால் கிளம்பியவர்களின் முட்டாள்தனத்தைத் தொட்டார். கடைசியில் அந்த முட்டாள்களுக்காக நமக்குத் தொண்டை அடைக்கிறது. ராதாவிடம் இருந்த அதே கத்தி, கைப்பிடி மட்டும் வேறு.

நம் பக்கத்தில் காட்சிகள் நேர்மாறாக ஓடின. 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், அந்த 1954 நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. ராதா செத்து 33 ஆண்டுகளுக்குப் பின்! அதே மாதத்தில் கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ தமிழகத்தில் தடையானது; மலேசியாவில் திரைக்கு வந்த கையோடு நிறுத்தப்பட்டது. அது நகைச்சுவைப் படம்கூட இல்லை. 2021-இல் எடுத்த ‘மெந்தேகா தெர்பாங்’ என்ற மலாய்ப் படம், ஒரு பதின்ம வயதுப் பெண் சாவுக்குப் பின் என்ன என்று ஒவ்வொரு மதத்திலும் தேடிப் போகும் மெல்லிய கதை. 2023-இல் உள்துறை அமைச்சு தடை விதித்தது, 2024 ஜனவரியில் இயக்குநரும் தயாரிப்பாளரும் மத உணர்வைப் புண்படுத்தியதாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். தமிழில் எடுப்பவர்களும் ஓரமாகவே நடக்கிறார்கள். தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’யும் (2005), சஞ்ஜய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’டும் (2015) தோட்டத்தையும் தோட்டம் உடைந்த பின்னான வாழ்க்கையையும் நேர்மையாகச் சொன்ன படங்கள். வன்முறை, வறுமை, பள்ளிக்கூடம் எல்லாம் தொட்டார்கள். சாமியார்களை, கோயில் கமிட்டிகளை, குறிசொல்லிகளை வைத்து ஒரு முழுநீளச் சிரிப்பை எடுக்க இங்கே கதைக்கா பஞ்சம்?

எடுக்கிற துணிச்சல் யாருக்காவது வந்தால் திரைக்கதை தயாராகவே இருக்கிறது. 2009 ஆகஸ்டு 28, வெள்ளிக்கிழமை, ஷா ஆலம். செக்‌ஷன் 19-இல் இருந்த மாரியம்மன் கோயிலைச் செக்‌ஷன் 23-க்கு மாற்ற மாநில அரசு முடிவெடுத்ததை எதிர்த்து, தொழுகை முடிந்து ஐம்பது பேர் போல அரசுச் செயலகத்துக்கு ஊர்வலம் வருகிறார்கள். கையில் இரத்தம் சொட்டும் மாட்டுத் தலை. கோபம் யார்மேல்? இரண்டு காலிட்கள்மேல். ஒருவர் மந்திரி பெசார் காலிட் இப்ராகிம், நம் ஈஜோக்கின் சட்டமன்ற உறுப்பினர். இன்னொருவர் ஷா ஆலம் நாடாளுமன்ற உறுப்பினர் காலிட் சமாட். இவர் அப்போது இஸ்லாமியக் கட்சியான பாஸ்காரர்; கோயிலுக்கு இடம் கொடுப்பதில் தவறில்லை என்று மார்க்கத்தைக் காட்டியே வாதாடியவர். கோயிலுக்காகத் திட்டு வாங்கியவர் பாஸ் எம்பி, மாட்டுத் தலையைத் தூக்கியவர்களை அழைத்துப் பேசி அவர்களுக்குப் பரிந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தவர் உள்துறை அமைச்சர். இந்த வேடப் பங்கீட்டை எந்தக் கதாசிரியர் எழுதினாலும் மிகை என்று வெட்டிவிடுவார்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி மந்திரி பெசார் குடியிருப்பாளர்களைக் கூட்டிச் சமாதானம் பேசப் போனார். கூச்சலில் கூட்டம் கலைந்தது. மலாய்க்காரர்கள் பலர் வெட்கப்பட்டு வெளிப்படையாகக் கண்டித்தார்கள். நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பைப் பார்த்து அமைச்சர் பேச்சை மாற்றிக்கொண்டார். 12 பேர்மீது வழக்கு. மறு ஆண்டு ஆளுக்கு ஆயிரம் வெள்ளி அபராதம். ஒருவருக்கு மட்டும் ஒரு வாரம் சிறை.

மேலே சொன்ன காலிட் இப்ராகிமை நம் தோட்டங்களோடு கட்டிப்போட்ட சம்பவம் ஒன்று அதற்கு 28 ஆண்டுகளுக்கு முந்தியது. 1981 செப்டம்பர் 7, லண்டன் பங்குச் சந்தை. கடை திறந்து நான்கு மணி நேரத்துக்குள் பிரிட்டிஷ் கம்பெனியான கத்ரியின் தோட்டங்கள் மலேசியாவின் கைக்கு வந்துவிட்டன. அரசு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் சார்பில் அந்த வேலையை நடத்திய அதிகாரிகளில் ஒருவர் அவர். துரை மாறினார், லயம் மாறவில்லை. அது அடுத்த இதழில்.